கோப்பையா, லாக்கா? ஒரு கோச்சை எதை வைத்து எடைபோடுவது

வெருலம் வாசகர் ஒருவர், 2025 மே 11, காலை

பத்து வருடப் பஞ்சம் தீர்ந்தது. நேற்று டர்பன் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தில் நம் கைசர் சீஃப்ஸ் 2-1 என்று ஆர்லாண்டோ பைரேட்ஸை வீழ்த்தி தென்னாப்பிரிக்கக் கால்பந்தின் நெட்பேங்க் கோப்பையை எடுத்துவிட்டது. சீசன் முழுக்க கோச் நாபியைத் திட்டித் தீர்த்தவர்கள் எங்கே போனீர்கள்? ஒரு கோச்சுக்கு ஒரே கணக்குதான்: அலமாரியில் என்ன வைத்தார்? லாக்கில், அதாவது லீக் புள்ளிப் பட்டியலில், எந்த இடத்தில் நின்றார் என்பதெல்லாம் பத்து வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மே 11, இரவு 9.40

நானும் சீஃப்ஸ்காரன்தான். நேற்று அந்த ஸ்டேடியத்தில்தான் இருந்தேன். மார்ட் அடித்த இரண்டாவது கோலுக்குக் கத்தியதில் இன்று குரல் எழும்பவில்லை. ஆனாலும் இந்த அலமாரிக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெட்பேங்க் கோப்பை தோற்றால் வெளியே போகும் போட்டி, எடுக்க ஐந்து ஆட்டம் போதும். லீக்குக்கு முப்பது. ஐந்து ஆட்டம் என்றால் யாரோடு மோதுவது என்ற குலுக்கல் கைகொடுக்கும், எதிரணியின் முக்கியமான ஆள் சிவப்பு அட்டை வாங்குவார், நம் கீப்பருக்கு நல்ல நாளாக அமையும், பெனால்டி ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பும். முப்பது ஆட்டம் என்றால் அப்படியில்லை. ஆகஸ்ட் முதல் மே வரை, போலோக்வானே வரைக்கும் போய், காயம்பட்டவர்களை விட்டுவிட்டு மிச்சம் இருப்பவர்களை வைத்து ஆடியாக வேண்டும். வந்த அதிர்ஷ்டமும் போன அதிர்ஷ்டமும் அதற்குள் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். கோச்சின் வேலை தெரிவது அங்கேதான். அங்கே சீஃப்ஸ் முதல் எட்டுக்குள் வரவே தடுமாறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. 2013இல் இதே மே 11 அன்று விகன் அணி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று ஜெயித்து எஃப்ஏ கோப்பையை எடுத்தது. மூன்றே நாள் கழித்து, 14ஆம் தேதி, ஆர்சனலிடம் 4-1 தோற்று பிரிமியர் லீக்கை விட்டே கீழே இறங்கியது. இன்றுவரை திரும்பி வரவில்லை. கோச் ராபர்டோ மார்டினெஸ். அலமாரியை மட்டும் பார்த்தால் அவருக்கு அது பொன்னான வாரம். விகனில் குடியிருப்பவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

மே 12

"அப்படியானால் கொம்பேலா என்ன கிழித்தார்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. நான் இந்த விஷயத்தை முதலில் யோசிக்கத் தொடங்கியதே அவரால்தான்.

ஸ்டீவ் கொம்பேலா 2015இல் சீஃப்ஸுக்கு வந்தார். ஸ்டூவர்ட் பாக்ஸ்டர் லீக் பட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன கையோடு. வந்த வேகத்தில் அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் கழன்றுகொண்டார்கள். முதல் சீசனில் லாக்கில் ஐந்தாவது. அடுத்த சீசனில் நான்காவது. அதற்கடுத்த 2017-18 சீசனில் மூன்றாவது. ஒவ்வொரு வருடமும் ஒரு படி மேலே. கோப்பை ஒன்றும் இல்லை.

2018 ஏப்ரல் 21. நெட்பேங்க் கோப்பை அரையிறுதி, இதே மோசஸ் மபிடாவில். ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் 2-0 தோல்வி. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள், கேமராக்களை உடைத்தார்கள், ஒரு பாதுகாவலரைக் கீழே தள்ளி அடித்தார்கள். நானும் என் மைத்துனனும் மேல் அடுக்கில் இருந்தோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது நினைவிருக்கிறது. அன்று இரவே கொம்பேலா பதவியை விட்டார்.

அதே ஸ்டேடியத்தில் முந்தாநாள் என்ன நடந்தது? அதைவிட எத்தனையோ படி கீழே கிடக்கும் அணியின் கோச்சைத் தோளில் தூக்காத குறைதான். ஒரே ஊர், ஒரே கூட்டம், ஒரே கோப்பை. மூன்றாம் இடத்துக்கு நாற்காலி பறந்தது, எட்டுக்குள் வரத் திணறும் அணிக்கு மாலை. ஒரே ஓர் ஆட்டம் எப்படிப் போனது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

நாபி மோசமான கோச் என்று நான் சொல்லவே இல்லை. தான்சானியாவின் யாங்கா அணியை அவர் ஆப்பிரிக்கக் கான்ஃபெடரேஷன் கோப்பை இறுதிவரை கொண்டுபோனவர். முந்தாநாளின் 90 நிமிடத்தை வைத்து அவரை எடைபோடாதீர்கள் என்கிறேன், கொம்பேலாவை அந்த 90 நிமிடத்தை வைத்து எடைபோட்டிருக்கக் கூடாது என்பதைப் போலவே.

மே 12, சற்று நேரம் கழித்து

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கோப்பையே எடுக்கத் தெரியாத" அதே கொம்பேலா 2020இல் சன்டவுன்ஸுக்குப் போனார். அங்கே பயிற்சிக் குழுவில் ஒருவராக இருந்து லீக் பட்டங்கள் பார்த்தார். ஆள் மாறவில்லை. பெஞ்சுக்கு முன்னால் ஆடிய பதினொரு பேர்தான் மாறினார்கள்.

மே 14

சீஃப்ஸின் இன்னொரு கோச் எர்ன்ஸ்ட் மிடன்டார்ப்பை மறந்துவிட்டோம். 2019-20 சீசனில் சீஃப்ஸ் மாதக்கணக்கில் லாக்கின் உச்சியில் இருந்தது. கோவிட் வந்து ஆட்டங்கள் நின்று, மறுபடி தொடங்கி, செப்டம்பரில் கடைசி நாள் வரை இழுத்தது. அந்தக் கடைசி நாளில் பரோக்காவோடு 1-1 டிரா. அதே நேரத்தில் சன்டவுன்ஸ் பிளாக் லெப்பர்ட்ஸை 3-0 என்று முடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனது. சில நாளில் மிடன்டார்ப்புக்கு வேலை போனது.

அவர் விலகிய பிறகு சீஃப்ஸ் லீக் பட்டத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போனதே இல்லை.

மே 16

பீனிக்ஸ் ஊர் நண்பர் பைரேட்ஸ் பக்கம் நின்று பேசுகிறார்: "உங்கள் கணக்கில் ரிவேரோ எங்கே வருவார்?"

பைரேட்ஸ் கோச் ஹோசே ரிவேரோ மூன்று சீசனில் ஐந்து கோப்பை எடுத்தார். லாக்கின் முதல் எட்டு அணிகள் ஆடும் எம்டிஎன்8 மூன்று தடவை (2022, 2023, 2024), நெட்பேங்க் இரண்டு தடவை (2023, 2024). லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. அலமாரிக்காரர்களுக்கு அவர் பெரிய வெற்றி. லீக்தான் எல்லாம் என்பவர்களுக்கு அவர் கடைசிப் படியில் வழுக்குபவர்.

எனக்கு அவர் கோப்பையால் பெரிய ஆள் ஆகவில்லை. ஒரே விதமான வேலையை மூன்று வருடம் செய்தார், அதுதான் பெரிது. லாக்கில் தொடர்ந்து இரண்டாம் இடம். அகாடமியிலிருந்து வந்த ரெலெபொஹிலே மொஃபொகெங் போன்ற பையனை பயப்படாமல் இறக்கிவிட்டார். கோப்பைகள் அதன் பலனாக வந்தவை. ஒரு கோப்பை வந்தால் குலுக்கலைச் சொல்லலாம். ஐந்து வந்தபிறகு குலுக்கல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே கோப்பையும் வருடக்கணக்கான நிதானமும் எதிரெதிர் கட்சிகள் அல்ல. ஒரே கோப்பையை வைத்து ஒருவரைத் தூக்குவதும் இறக்குவதும்தான் எனக்கு ஒப்பவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று மாமா வீட்டில் சாப்பாடு. இந்தப் பேச்சை எடுத்தேன், விடிய விடிய முடியவில்லை. அவர் மானிங் ரேஞ்சர்ஸ்காரர். சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தில் அவர் பார்க்காத ஆட்டம் இல்லை என்பார்.

சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். மானிங் ரேஞ்சர்ஸ் 1928இல் தொடங்கியது, டர்பன் இந்தியர்களின் கிளப். நிறவெறி காலத்தில் வெள்ளையர் லீக்கில் சேராமல், நிறம் பார்க்காத ஃபெடரேஷன் லீக்கில் ஆடியது. கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தின் பெயரைச் சொன்னாலே நம் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்வது அதனால்தான். 1996-97இல் பிரிமியர் சாக்கர் லீக் புதிதாகத் தொடங்கியபோது அந்த முதல் பட்டத்தை எடுத்தது சீஃப்ஸும் இல்லை, பைரேட்ஸும் இல்லை. நம் மானிங் ரேஞ்சர்ஸ். கோச் கார்டன் இகசண்ட்.

பிறகு அதே இகசண்ட் பைரேட்ஸோடு 2001இல் பட்டம் எடுத்தார். அடுத்த வருடம் கேப் டவுன் சான்டோஸோடு. அப்புறம் சன்டவுன்ஸோடும். நான்கு வெவ்வேறு கிளப், நான்கு லீக் பட்டம். இந்த நாட்டில் வேறு யாரும் செய்யாதது.

மாமாவின் வாதம்: "கல்யாணத்துக்கு ஒரு தேக்சா பிரியாணி நன்றாக வந்துவிட்டால் அவன் சமையல்காரன் ஆகிவிடுவானா? நாலு வீட்டில், நாலு அடுப்பில், நாலு விதமான அரிசியில் நன்றாக வரவேண்டும்." இகசண்டின் நான்கு பட்டமும் நான்கு அடுப்பு. சரிதான். கிளப் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், பணம் மாறுகிறது, அந்த ஒரு ஆள் மட்டும் மாறவில்லை. கோச்சின் பங்கு எவ்வளவு என்று தெரிய இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

மானிங் ரேஞ்சர்ஸின் கதி வேறு. 2006இல் கிளப்பின் லீக் உரிமம் விற்கப்பட்டு கேப் டவுன் பக்கம் போய்விட்டது. மாமா அதைச் சொல்லும்போது அத்தை பேச்சை மாற்றிவிட்டார். முதல் பட்டம் எடுத்த கிளப் பத்து வருடம்கூட மேலே தாக்குப்பிடிக்கவில்லை.

மே 22

நேற்று பில்பாவோவில் லண்டன் அணி டோட்டனம் ஐரோப்பா லீக் கோப்பையை எடுத்தது. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0. பிரென்னன் ஜான்சன் கோல். டோட்டனத்துக்கு 2008க்குப் பிறகு இதுதான் முதல் கோப்பை. அதே டோட்டனம் பிரிமியர் லீக்கில் 17ஆவது. கீழே இறங்கிய மூன்று அணிகளுக்கு நேர் மேலே.

வெருலம்காரர் உடனே எழுதிவிட்டார்: "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

2008ஐச் சொல்கிறேன். அந்த வருடம் லீக் கோப்பையை எடுத்துக் கொடுத்தவர் ஹுவான்டே ராமோஸ். கோப்பை பிப்ரவரியில். அக்டோபரில் டோட்டனம் 8 ஆட்டத்தில் 2 புள்ளியோடு அடிமட்டத்தில் கிடந்தது, ராமோஸ் வெளியே. பிறகு வந்த பொச்செட்டினோ ஐந்து வருடம் இருந்தார், கோப்பை பூஜ்யம். ஆனால் தொடர்ந்து முதல் நான்குக்குள் வந்தார், 2019இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கே கொண்டுபோனார். வடக்கு லண்டனில் நிற்கும் ரசிகரிடம் இந்த இருவரில் யாரைத் திரும்பக் கேட்பீர்கள் என்றால் ராமோஸ் பெயரைச் சொல்லும் ஒருவரைக் காட்டுங்கள்.

மே 22, இரவு

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். மேலே எழுதியதைப் படித்தால் கோப்பையை நான் அலட்சியம் செய்வதுபோல் இருக்கிறது. இல்லை. பில்பாவோவில் சன் ஹியுங்-மின் கோப்பையைத் தூக்கியபோது அழுதாரே, பத்து வருடம் அங்கே ஆடிவிட்டு. அதைப் பார்த்து என் மகளும் அழுதாள், அவளுக்கு டோட்டனம் என்றால் என்னவென்றே தெரியாது.

2009 எம்டிஎன்8 இறுதியில் நம் டர்பனின் லமொன்ட்வில் கோல்டன் ஆரோஸ் அயாக்ஸ் கேப் டவுனை 6-0 என்று போட்டுத் தள்ளியது. இன்றைக்கும் இங்கே டாக்ஸியில் அந்தப் பேச்சை எடுத்தால் டிரைவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்த அணி 2014இல் கீழ் லீக்குக்கு இறங்கி மறுபடி ஏறியது என்பதை யார் பேசுகிறார்கள்? கோப்பை மக்களின் சந்தோஷம், அதில் கணக்கே கிடையாது. கோச்சை எடைபோடுவது தனி வேலை. இரண்டையும் ஒரே தராசில் போடும்போதுதான் சண்டை வருகிறது.

மே 25

ஆர்சனல்காரர்கள் இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன், வந்துவிட்டார்கள்.

ஆர்சனல் கோச்சாக வெங்கர் 1996 முதல் 2018 வரை இருந்தார். தொடர்ந்து 20 சீசன் முதல் நான்குக்குள். 2006இல் புது ஸ்டேடியத்துக்கு மாறியபோது கடன் கழுத்தை நெரித்தது. சாம்பியன்ஸ் லீக் வருமானம் நின்றிருந்தால் கிளப் என்ன ஆகியிருக்கும்? ஆண்டுதோறும் நல்ல ஆட்டக்காரர்களை விற்றுக்கொண்டே அந்த நான்காம் இடத்தைக் காப்பாற்றினார். 2012இல் முதல் நான்குக்குள் வருவதே ஒரு கோப்பைதான் என்கிற மாதிரி அவர் பேசியபோது உலகமே சிரித்தது. நம் வாட்ஸாப் குழுவிலும்தான்.

2005க்குப் பிறகு ஒன்பது வருடம் கோப்பை இல்லை. அப்புறம் 2014, 2015, 2017இல் எஃப்ஏ கோப்பை. 2017ஐக் கவனியுங்கள். இருபது வருடமாக விடாமல் பிடித்திருந்த முதல் நான்கு அந்த சீசனில்தான் கைவிட்டுப்போனது, ஐந்தாம் இடம். அதே சீசனில்தான் கோப்பை கைக்கு வந்தது. அந்தக் கோப்பையால் அவருக்கு எதிரான கோஷம் நின்றதா? நிற்கவில்லை. அடுத்த வருடமே போய்விட்டார். அப்படியானால் ரசிகர்களும் உள்ளுக்குள் லாக்கைத்தான் பார்க்கிறார்கள். வாய்தான் கோப்பை கோப்பை என்கிறது.

இன்னொரு கோச் டேவிட் மாய்ஸைப் பற்றி இரண்டு வரி. எவர்ட்டனில் 2002 முதல் 2013 வரை, கோப்பை பூஜ்யம். கடைசி ஏழு சீசனில் எட்டாம் இடத்துக்குக் கீழே ஒருமுறைகூடப் போகவில்லை, அதுவும் பக்கத்து வீட்டு லிவர்பூல் செலவழிப்பதில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு. நம் ஸ்டீவன் பீனார் தன் சிறந்த காலத்தை அங்கே ஆடினார் என்பதால் சனிக்கிழமை மாலைகளில் இந்த ஊரில் பாதிப் பேர் எவர்ட்டன் பார்த்தோம். ஒவ்வொரு வாரமும் அதே ஆட்டம்: இடது பக்கம் பெய்ன்ஸும் பீனாரும் பந்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோவது. அது ஒருநாள் குதிர்ந்ததல்ல. பயிற்சி மைதானத்தில் வருடக்கணக்கில் பழகியது.

மே 27

லீட்ஸை யாரும் சொல்லவில்லை. நம் நாட்டு ரடேபே கேப்டனாக இருந்த இங்கிலாந்து அணி லீட்ஸ். டேவிட் ஓலியரி கோச்சாக இருந்த காலத்தில் லாக்கில் நான்காவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. கோப்பை இல்லை. என் கணக்குப்படி ஓலியரி பிரமாதம்.

ஆனால் அந்த நிதானம் கடன் வாங்கிய பணத்தில் நின்றது. கடன் திரும்பக் கேட்டபோது எல்லாரையும் விற்று, 2004இல் கீழே போய், திரும்பி வர பதினாறு வருடம் ஆனது. கோச் கடன் வாங்கவில்லை, நிர்வாகம் வாங்கியது. அதனால் லாக் என்று நான் சொல்லும்போது, பணம் எவ்வளவு, அதற்குத் தகுந்த இடம் எது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பணக்கார அணியின் மூன்றாம் இடமும் ஏழை அணியின் மூன்றாம் இடமும் ஒன்றல்ல. ஸ்டெல்லன்போஷுக்கு ஸ்டீவ் பார்க்கர் செய்ததை இப்படித்தான் பார்க்கிறேன். 2019இல்தான் மேலே வந்த சின்ன ஊர் அணி, 2023-24இல் மூன்றாவது, இந்த ஏப்ரலில் ஆப்பிரிக்கக் கான்ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சிம்பாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தை நம் டர்பனில்தான் ஆடினார்கள், 0-0. அன்று கூட்டம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஜூன் 3

சீசன் முடிந்தது. சீஃப்ஸ் ஒன்பதாவது. போன வருடம் பத்தாவது. எம்டிஎன்8இல் முதல் எட்டு அணிகளுக்குத்தான் இடம், ஆக இரண்டாவது வருடமாக சீஃப்ஸ் அந்தப் போட்டியில் கிடையாது. புரட்டாசியில் கறி சாப்பிடாமல் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடும் எம்டிஎன்8ஐப் பார்க்கவேண்டியதுதான். கோப்பைதான் கணக்கு என்பவர்களுக்கு இது உறைக்க வேண்டும். லாக்கில் சறுக்கினால் கோப்பைக்கு மோதும் வாசலே மூடிக்கொள்கிறது.

சன்டவுன்ஸ் விஷயம் இதைவிடச் சிக்கல். தொடர்ந்து எட்டு லீக் பட்டம். 2018 முதல் 2020 வரை கோச் பிட்சோ மொசிமானே. அப்புறம் மங்கித்தியும் மொக்வேனாவும் சேர்ந்து. அப்புறம் மொக்வேனா தனியாக, 2023-24இல் முழு லீக்கிலும் ஒரே ஒரு தோல்வி. அந்த ஆள் அந்த வருடமே போகவேண்டி வந்தது! அப்புறம் மங்கித்தி, அவரும் டிசம்பரில் போனார், கார்டோசோ வந்து முடித்தார். கோச் மாற மாற பட்டம் மட்டும் மாறவே இல்லை. நேற்று முன்தினம் கெய்ரோவில் பிரமிட்ஸிடம் தோற்று ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கைத் தவறவிட்டதும் கார்டோசோவை அனுப்புங்கள் என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

இது என் வாதத்தையே அசைக்கிறது, ஒளிக்கப்போவதில்லை. யார் உட்கார்ந்தாலும் வரும் நிதானம் யாருடையது? உரிமையாளர் மொட்செபே குடும்பத்தின் பணமும், ஆட்களைத் தேடிப்பிடிக்கும் குழுவும், எல்லா இடத்துக்கும் இரண்டு நல்ல ஆட்கள் இருப்பதும் சேர்ந்து உருவாக்கியது அது. கோச்சுக்கு அதில் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. மொசிமானே ஒருவரைத் தனியாக வைக்கிறேன். 2016இல் எகிப்தின் சாமாலெக்கை வென்று ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கொண்டுவந்தார், பிறகு அதே நாட்டின் அல் அஹ்லிக்குப் போய் அங்கேயும் இரண்டு முறை எடுத்தார். 2021 இறுதியில் அவரிடம் 3-0 தோற்றது நம் சீஃப்ஸ்தான். மாமாவின் இரண்டாவது அடுப்பு அவருக்கும் எரிந்தது.

ஜூன் 4

"அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பார்ப்பது ஒன்று உண்டு. தோல்விக்கு அடுத்த ஆட்டம்.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எல்லா கோச்சும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். தோற்ற பிறகு வரும் வாரத்தில் பாருங்கள். பயந்துபோய் ஐந்து பேரை மாற்றுகிறாரா? இளம் பையனைப் பலிகொடுக்கிறாரா? பேட்டியில் நடுவரைத் திட்டுகிறாரா? இல்லை, அதே ஆட்டத்தைக் கொஞ்சம் திருத்தி மறுபடி ஆடுகிறாரா? நல்ல கோச்சின் அணி தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்பது அரிது. சீஃப்ஸின் இந்தப் பத்து வருடத்தைப் புரட்டினால் தோல்விகள் சங்கிலி சங்கிலியாகக் கிடக்கும்.

ஜூன் 7

நேற்று டோட்டனம் தன் கோச் போஸ்டெகோக்ளுவை அனுப்பிவிட்டது. கோப்பை எடுத்து 16 நாள். 38 லீக் ஆட்டத்தில் 22 தோல்வி என்பதுதான் காரணம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

வெருலம்காரர் இது அநியாயம் என்கிறார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது வருடத்தில் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று செப்டம்பரிலேயே சொன்னார், சொன்னபடி செய்தார். ஆனால் தோல்விக்கு அடுத்த ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் முடிவு சரி. ஓர் ஊர்வலமாவது நடத்திவிட்டு அனுப்பினார்களே.

ஜூன் 14

சொந்தக் கதை ஒன்று. இதைச் சொல்லவா வேண்டாமா என்றிருந்தேன்.

சாட்ஸ்வர்த்தில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களின் அணி ஒன்றில் பல வருடமாகக் கூடமாட இருக்கிறேன். கோன் வைப்பது, ஆரஞ்சு வெட்டுவது, பையன்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவிடுவது. ஒருமுறை ஈஸ்டர் போட்டியில் கோப்பை எடுத்தோம். முன்னால் ஒரு பையன், வயதுக்கு மீறிய வளர்த்தி. பின்னாலிருந்து பந்தை உயரத் தூக்கி அவனிடம் அனுப்பினால் போதும், கோல். பெற்றோர்கள் எங்கள் கோச்சைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்த வருடமே அந்தப் பையனின் குடும்பம் ஜோகன்னஸ்பர்க் போய்விட்டது. மற்றவர்களுக்குப் பத்தடி தள்ளி நிற்பவனுக்குப் பந்தைத் தட்டிவிடத் தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. மிச்ச சீசன் முழுக்க அடி.

பக்கத்து யூனிட்டில் (குடியிருப்புப் பகுதியில்) ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னொரு அணி நடத்தினார். எனக்குத் தெரிந்து அவர் ஈஸ்டர் கோப்பை எடுத்ததே இல்லை. செவ்வாய், வியாழன் மாலை மழை பெய்தாலும் அவர் இருப்பார். கீப்பர் பந்தை உதைக்கக் கூடாது, உருட்ட வேண்டும் என்பார். அதனால் எங்களிடம் அசட்டுத்தனமான கோல் வாங்கித் தோற்பார்கள். ஆனால் இன்று பெரியவர்கள் லீக்கில் ஆடுகிற சாட்ஸ்வர்த் பையன்களில் அவரிடம் வளர்ந்தவர்களைப் பந்து வாங்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் தொடுகையிலேயே தலை நிமிர்ந்திருக்கும்.

எங்கள் கோப்பை கிளப் அறையில் இருக்கிறது. அது வந்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். ஆனால் என் பையனைச் சேர்க்க நேரம் வந்தபோது அந்த ஆசிரியரிடம்தான் சேர்த்தேன்.

செப்டம்பர் 1

ரிவேரோ நினைவிருக்கிறதா? பைரேட்ஸிலிருந்து அல் அஹ்லிக்குப் போனார். நேற்று அங்கே வேலை போய்விட்டது. லீக் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பீனிக்ஸ் நண்பர் சோகத்தில் இருக்கிறார்.

கோச்சின் நிதானத்தைப் பார்க்க கிளப்புக்கும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆகஸ்டில் தொடங்கி ஆகஸ்டிலேயே முடித்தால் எந்த அளவுகோலும் உதவாது. நம் ஊரிலும் இதே கதைதான். பென்னி மக்கார்த்தி 2020-21இல் அமாசூலுவை லாக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார், உசுத்து என்று நாம் அழைக்கும் அந்த அணி முதல்முறையாக ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. 2022 மார்ச்சில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர் நிதானமான கோச்சா இல்லையா என்பது இனி தெரியவே வழியில்லை.

அக்டோபர் 15

நேற்று ராத்திரி தூங்கவில்லை. நம் தேசிய அணி பஃபானா உலகக் கோப்பைக்குப் போகிறது! 2010இல் நாம் நடத்தினோம், அதனால் ஆடினோம். தகுதிச் சுற்றில் ஜெயித்துப் போவது 2002க்குப் பிறகு இதுதான் முதல்முறை.

அதன் கோச் ஹ்யூகோ ப்ரூஸ் 2021 மேயில் வந்தார். நம்மிடம் அவர் எடுத்த கோப்பை பூஜ்யம். 1996இல் ஆப்பிரிக்கக் கோப்பை எடுத்த நம் டர்பன்காரர் கிளைவ் பார்க்கரோடு ஒப்பிட்டால் அலமாரி காலி. இப்போது என் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2023 நவம்பரில் ருவாண்டாவில் 2-0 தோல்வி, எல்லாரும் திட்டினார்கள். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மாலியிடம் 2-0 தோல்வி, மறுபடி திட்டு. அதற்கடுத்த ஆட்டம் நமீபியாவை 4-0. பிறகு மொராக்கோவை வீட்டுக்கு அனுப்பி, கேப் வெர்டேயோடு ரான்வென் வில்லியம்ஸ் நான்கு பெனால்டியைத் தடுத்து, மூன்றாம் இடத்தோடு வந்தார்கள். மாலிக்குப் பிறகு அணியைக் கலைத்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இந்தத் தகுதிச் சுற்றில் அடி வெளியிலிருந்து வந்தது. லெசோதோவுக்கு எதிராகத் தடையில் இருந்த மொகோயெனாவை இறக்கியதற்காக ஃபிஃபா செப்டம்பர் கடைசியில் மூன்று புள்ளியைப் பறித்தது. போன வெள்ளிக்கிழமை மோசஸ் மபிடாவில் ஜிம்பாப்வேயோடு 0-0. கதை முடிந்தது என்று வெளியே பன்னி சவ் வாங்க நின்ற வரிசையில் பேசிக்கொண்டார்கள். ப்ரூஸ் ஆட்டத்தை மாற்றவில்லை. நேற்று ம்பொம்பேலாவில் அதே ருவாண்டாவை 3-0. கடைசிக் கணக்கு: நாம் 18, நைஜீரியா 17, பெனின் 17. மூன்று புள்ளியை இழந்த பிறகும் ஒரு புள்ளி மிச்சம்.

வெருலம்காரர் இன்று காலை அனுப்பியது: "சரி, ப்ரூஸை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தால்?"

வந்தாலும் என் மதிப்பு மாறாது. அது மூன்று ஆட்டம். இது நான்கு வருடம்.